கல்வெட்டில் தீவாள்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் அப்பாவின் வாழ்க்கைக் குறிப்புக்கு ஒரு பக்கம். இரவு பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்கு அனுப்பவேண்டும். அஜந்தினி எழுதியதை வாசித்துவிட்டு, சித்தப்பா நவரத்தினம் டென்மார்க்கின் இன்னொரு நகரமான ஓகூஸிலிருந்து போன் எடுத்தார்.

"பிள்ளை, இதென்ன நிஞ்ஞா?"

"அப்பா செய்த வித்தை, சித்தப்பா."

"சனம் சிரிக்கப்போகுது. அதை எடுத்துப்போட்டு, கோயில் தொண்டர் எண்டு போடு."

"வருசத்தில ஒருக்காத் தேருக்குப் போறவர். அதுவும் மோதகத்துக்கு."

அப்பா குணசேகரம் கிரின்ஸ்டெட் நகரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் இரவு வேலை செய்தவர். ஞாயிறு காலை வேலை முடிந்த கையோடு மகளைக் காட்டுக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரு சங்கத்தார் வேடம் போட்டு, நுரைப்பஞ்சில் செய்த நுரைவாளால் சண்டை விளையாடுவார்கள். அவள் நிஞ்ஞாக் கூட்டம். அவர் காருக்குள் நித்திரை.

ஒரு ஞாயிறு ஆள் குறைந்துவிட்டது. அவரைத் தட்டியெழுப்பி, முகத்தில் கறுப்புத் துணி கட்டி, தீவாள் வித்தையைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்து கை முத்திரைகளை வரிசையாகப் பிடித்தால் வெறுங்கையில் நெருப்பு வாள் தோன்றும். பிறகுதான் இடுப்பிலிருக்கும் சிவப்பு நுரைவாளை உருவலாம். அது பட்டவன் எழும்பக்கூடாது.

நான்கு முத்திரை சரியாக வந்தது. ஐந்தாவது மறந்துபோயிற்று. எதிரிகள் ஓடி வந்தார்கள். நித்திரைக் கண்ணோடு நின்றவர், கார் எடுக்கமுன் வழக்கமாகச் செய்வது போல, கைகளை மாற்றிப் பிடித்து நெற்றியில் மூன்று தரம் குட்டினார். "பிள்ளையாரே!" என்று கத்திக்கொண்டு வாளை உருவினார். எதிரிகள் விழுந்தார்கள்.

அடுத்த வருடச் சங்க விதிப்புத்தகத்தில் ஐந்தாவது முத்திரை அதுதான். டேனிஷ் பிள்ளைகள் நெற்றியில் குட்டிக்கொண்டு காடெல்லாம் ஓடினார்கள். அவர் திருத்தவில்லை. "பிள்ளையாருக்கு என்ன நட்டம்? குட்டட்டும்," என்றார். பிறகு ஞாயிறுகளில் அவர் காருக்குள் நித்திரை கொள்ளவில்லை.

இதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்தில் மிஞ்சுவது யாரோ ஒருவர். அஜந்தினிக்கு அதைச் சித்தப்பாவுக்கு விளங்கப்படுத்தத் தெம்பில்லை. அப்பா போனதிலிருந்து சரியான நித்திரையும் இல்லை.

"சரி, எடுக்கிறன்," என்றாள்.

சாய்கதிரையில் கண்ணை மூடியிருந்த அம்மா பரமேஸ்வரி கையை நீட்டினாள். "போனைத் தா."

வாங்கி, மெதுவாகச் சொன்னாள். "நவம், ஒப்பரேசனுக்குக் கொண்டுபோகேக்க உம்மட அண்ணர் கையை ஒருமாதிரி மடிச்சு மடிச்சுப் பிடிச்சவர். கும்பிடுறாராக்கும் எண்டு நானும் கும்பிட்டன். 'இல்லையப்பா, வாள் எடுக்கிறன்' எண்டார். எனக்குச் சொன்ன கடைசிக் கதை அதுதான். அதை வெட்டச் சொல்லுறீரோ?"

அன்றைக்கு அஜந்தினி ஓல்போர்க்கில் வேலையில் நின்றாள். இது அவளுக்கு இதுவரை தெரியாது.

சித்தப்பா தணிந்த குரலில் சொன்னார்.

"அண்ணி, அது கிடக்கட்டும். நிஞ்ஞா எண்டால் என்னெண்டு ஒரு வரி போடச் சொல்லுங்கோ. எங்கட வயசாளியளுக்கு விளங்காது."

அஜந்தினி அந்த ஒரு வரியை மூன்று தரம் எழுதி அழித்தாள். கடைசியில், 'பழைய யப்பானில் மறைந்து நின்று சண்டை பிடிக்கிறவர்' என்று போட்டு அனுப்பினாள். கணினியை மூடாமலே மேசையில் தலையை வைத்தாள்.