அண்ணி பிடித்துக்கொண்ட பழைய மிஷின்

ஆங்கில 'ஓ' வந்த இடத்திலெல்லாம் பொத்தல் விழுந்த ஒரு தாள். அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. போன வாரம் அதை ஞாபகப்படுத்தியவள் என் மகள். போர்ட் பிளேரில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் அவள். முதன்முதலாக புரோகிராம் எழுதப்போகும் பிள்ளைகளுக்கு எந்த கோட் எடிட்டரைக் கொடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் இல்லாத வசதியே இல்லை. இன்னொன்றில் எழுதலாம், ஓட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான். "நீயும் டீச்சரா இருந்தவதானேம்மா, சொல்லேன்" என்றாள். நான் டீச்சராக இருந்த லட்சணம் எனக்குத்தானே தெரியும்!

எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே போர்ட் பிளேரிலேயே ஒரு டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் காய்ச்சலில் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அண்ணிக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை, இடுப்பில் குழந்தை. டைப்பிங் டெஸ்டில் தேறினால் அண்ணன் ஆபீஸிலேயே அவளுக்குக் கிளார்க் வேலை. தேறாவிட்டால் கப்பலேறி மெயின்லேண்டில் அம்மா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பா ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "சின்னப் புள்ள, பெத்தவகிட்ட இருக்கட்டுமே" என்றுதான் சொன்னார். ஆனால் அண்ணி என்னிடம், "அங்க போனா என்னைய மூலையில உக்கார வச்சிருவாங்க புள்ள" என்று சொல்லி அழுதாள்.

எங்கள் ஊரான சௌல்தாரியிலிருந்து தினமும் என்னோடு பஸ்ஸில் வந்தாள். ஆபீஸில் இருப்பது மாதிரியானதிலேயே பழகட்டும் என்று, புதிதாக வந்திறங்கிய பெரிய மிஷினில் அவளை உட்காரவைத்தேன். அதில் ஓரம் கட்ட ஒரு நெம்புகோல், பத்தி பிரிக்க ஒரு பொத்தான், ரிப்பனின் நிறம் மாற்ற இன்னொன்று. ஐந்து நாளில் அவள் கற்றது பயம் மட்டும்தான். ஆறாம் நாள், "எதைத் தொட்டா எது ஓடுமோன்னு இருக்கு, ஆள விடு" என்று எழுந்துபோய், மூலையில் கிடந்த, எழுத்தடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத பழைய மிஷினின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வந்ததே ரோஷம்! டீச்சர் நானா, அவளா? ஆனால் ஒரே மாதத்தில் அவள் விரல்கள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து அவளை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. உப்புக்காற்றில் எங்கள் பழைய மிஷின்களின் எழுத்துக்கட்டைகளெல்லாம் இறுகிப்போயிருந்தன. டைப்பிங் என்றாலே அம்மி கொத்துவது மாதிரி ஓங்கி அடிப்பதுதான் என்று நாங்கள் எல்லோருமே நினைத்திருந்தோம்.

டெஸ்டுக்கு வைத்திருந்ததோ கப்பலிலிருந்து வந்து எண்ணெய் வாசம் போகாத புது மிஷின், தொட்டாலே அடிக்கும். நான் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். முதல் மூன்று வரியிலேயே 'ஓ'க்கள் எல்லாம் தாளைக் கிழித்துக்கொண்டு பொடிப்பொடியாக உதிர்ந்தன. போச்சு, எல்லாம் என்னால்தான் போச்சு என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணி கையை எடுத்தாள். டெஸ்டை மேற்பார்த்த வங்காளிப் பெரியவரிடம், "பாபு, தோ காகஜ் தீஜியே" என்று இரண்டு தாள் கேட்டு வாங்கினாள். அடித்தாள் மெத்தையாக இருக்கட்டும் என்று இரண்டையும் சேர்த்தே உருளையில் மாட்டி, பூப்போல அடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள். நேரம் முடிய அவளும் முடித்தாள். பெரியவர் மேல்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏக் பி கல்தி நஹி" என்றார். ஒரு பிழைகூட இல்லையாம்! திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

வெளியே வந்தவள், "நீ முழிச்ச முழியப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்திருச்சு டீச்சரம்மா" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"அதனால எளிசானதையே கொடு. பரீட்சைக்கு முன்னாடி ஒரு வாரமாவது பெரியதிலும் உட்கார வை. நான் அதைத்தான் செய்யத் தவறினேன்" என்றேன் மகளிடம். அவளுக்கோ எடிட்டரெல்லாம் மறந்துபோயிருந்தது. "தாத்தா என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

அன்று சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குள் நுழையும்போதே அப்பா, "வியாழக்கிழமை கப்பலாம்மா. டிக்கெட்டுக்குச் சொல்லிரவா?" என்று கேட்டார். அண்ணி குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வேண்டாம் மாமா. வியாழக்கிழமை எனக்கு ஆபீஸ் இருக்கு" என்றாள்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப தினமும் காலையில முதல் பஸ்ஸப் பிடிக்கணுமே. புள்ளய நான் பாத்துக்கிறேன், நீ வேலைக்குப் போயிட்டு வா" என்றார்.