வால்வு வாய் திறந்த நாள்

சுவரில் கன்னத்தை ஒட்டவைத்து, கண்ணை மூடி நிற்பார். எங்கே கசிகிறது, எப்போதிலிருந்து கசிகிறது என்று வீட்டுக்காரர்கள் கதை கதையாய்ச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு விரலை உயர்த்துவார். பேச்சு நிற்கும். "இங்கதான்" என்பார். உடைத்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும்.

ஐம்பத்து நான்கு வயது பிளம்பர். சுண்டுவிரலில் வெள்ளை டேப்பை மோதிரம் மாதிரிச் சுற்றிவைத்திருப்பார். டீக்கடையில் சொட்டும் குழாயைக் கண்டால் டீ ஆறினாலும் சரி, எழுந்துபோய் இறுக்கிவிட்டுத்தான் வருவார். பேச்சில் மட்டும் மகா சிக்கனம். கேட்ட கேள்விக்கு "ம்", கேட்காத கேள்விக்கு "பாத்துக்கலாம்".

"வால்வு" என்று பெயர் வைத்தவர் கூட்டாளி எலக்ட்ரீஷியன். "நம்ம ஆளு வாயில ஒரு வால்வு இருக்கு. துருப்பிடிச்சுப்போய் இருபது வருஷம் ஆச்சு" என்று போகிற வீட்டிலெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அதுவே நிலைத்துவிட்டது.

இருபத்தாறு வருடம் ஒரே ஸ்கூட்டரில் இருவரும் வேலைக்குப் போனார்கள். வருடத்தில் ஒரு ஞாயிறு இரண்டு குடும்பமும் வேன் பிடித்து, ஊரைத் தாண்டி ஆற்றங்கரைக்குப் போகும். சிரிப்புக்கு எலக்ட்ரீஷியன் பொறுப்பு. மூட்டை சுமப்பது, அடுப்பு மூட்டுவது எல்லாம் வால்வு.

ஐந்து மாதத்துக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் போய்விட்டார். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கட்டிலில் சாய்ந்தவர் எழவில்லை.

அதற்கப்புறம்தான் வால்வு பேச ஆரம்பித்தார். மழையைப் பற்றி, விலைவாசியைப் பற்றி, எதிரே வருகிறவர் யாராயிருந்தாலும் நிறுத்திவைத்துப் பேசினார். கூட்டாளியின் வீட்டுக்கு அடிக்கடி போய், ஒழுகாத குழாய்களையெல்லாம் கழற்றி மாட்டினார். "இந்த மனுஷனுக்கு என்னமோ ஆயிடுச்சு, தூக்கத்துலகூட பேசறாரு" என்று அவர் மனைவி கவலைப்பட்டாள்.

இந்த வருடமும் ஆற்றங்கரைக்குப் போயே தீரவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "நான் வந்து என்ன பண்ணப்போறேன் அண்ணி? நீங்க போயிட்டு வாங்க" என்ற கூட்டாளியின் மனைவியை, வால்வின் மனைவிதான் கையைப் பிடித்து வேனில் ஏற்றினாள்.

நல்ல வெயில், நல்ல காற்று. ஆறு கணுக்கால் அளவுக்குத் தெளிந்து ஓடியது. பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் பழங்களும் மரத்தடியில் பரப்பப்பட்டன. வால்வு ஓயவில்லை. எலக்ட்ரீஷியன் வருடாவருடம் சொல்லும் கதையை, ஏணியோடு சேர்ந்து மாட்டுத்தொட்டியில் விழுந்த கதையை, அதே கைவீச்சோடு சொன்னார். சிரிக்கவேண்டிய இடத்தில் அவர் மட்டும் சிரித்தார்.

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த கூட்டாளியின் மனைவி நிமிர்ந்தாள்.

"அவரு மாதிரி பேசாதீங்க அண்ணே. கேக்க முடியல."

வால்வு கப்பென்று அடங்கினார். கையிலிருந்த முட்டையைத் திரும்ப வைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மற்றவர்கள் நீரில் இறங்கிவிட, அவள் தனியே ஒரு கல்லில் உட்கார்ந்து தட்டுகளைக் கழுவினாள். அவர் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் குந்தினார்.

"தங்கச்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்குக் காலையிலேயே அவனுக்கு நெஞ்சு வலிச்சுது. ஏணியிலேருந்து இறங்கி அப்படியே உக்காந்துட்டான். ஆஸ்பத்திரிக்குப் போலாம்டான்னேன். 'வெறும் கேஸ்டா, வீட்டுல சொல்லித் தொலைக்காதே, பயந்துடுவா'ன்னான். நானும் சொல்லல. மத்தியானம் நீ எனக்குப் போன் பண்ணினே. சாப்பிட்டாரா, நல்லா இருக்காரான்னு கேட்டே. நான்... 'ம்'னேன்."

அவள் கையிலிருந்த தட்டு நழுவி நீரோடு போனது. அவர் நீரில் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் இன்னும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் எத்தனை மணிக்குப் பண்ணினேன்?"

"ஒண்ணரைக்கு."

"ஒண்ணரை." விரல்களை மடக்கிப் பார்த்தாள். "நாலரை மணி நேரம் இருந்திருக்கு அண்ணே."

திட்டுவாள், அழுவாள் என்று ஐந்து மாதமாக மனதைத் தயார்செய்து வைத்திருந்தார். அவள் இரண்டையும் செய்யவில்லை. எழுந்து கரையோரமாக நடந்து, ஒரு வளைவில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"அவகிட்ட என்ன சொன்னீங்க?" என்று கேட்ட மனைவியிடமும் அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொழுது சாயும்வரை வால்வு யாரோடும் பேசவில்லை.

கிளம்பும் நேரம் வந்தது. வேன் மேட்டின்மேல் நின்றது. முதல் நாள் மழையில் மண் வழுக்கியது. எல்லோரும் ஏறிப்போனபின் கடைசியாகக் கூட்டாளியின் மனைவி வந்தாள். ஓரடி வைத்தாள், சறுக்கியது. நின்றுவிட்டாள்.

சுருட்டிய பாய்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாதி மேட்டில் நின்றிருந்தார் வால்வு. அவளை நோக்கிக் கையை நீட்டினார். என்ன நினைத்தாரோ, பாதியிலேயே இழுத்துக்கொண்டார். ஒரு பாயை உருவி, அதன் நுனியை அவள் பக்கம் நீட்டினார்.

மேலேயிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் கொஞ்ச நேரம் அந்தப் பாயையே பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்க்காமல், மண்ணில் குதிகாலை அழுத்தி அழுத்தி, ஒவ்வோர் அடியாக மேலே ஏறினார்.