போட்டோவுக்கு வெளியே நின்ற அம்மா

மூத்த பேரன் ஆல்பர்ட் ஆடிட்டர் பரீட்சை பாஸ். அவன் தங்கை பிரின்சி ராயப்பேட்டையில் நர்ஸ். அடுத்தவன் ராபின் கேரம் விளையாடி வாங்கின கப் எங்கள் டிவி பக்கத்தில்தான் நிற்கிறது. கடைசிப் பேத்தி ஜெனி, கிண்டியில் நல்ல கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, கம்போடியாவில் ஒரு வயல்காட்டு ஊரில் சம்பளம் வாங்காமல் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறாள்.

இதையெல்லாம் இந்த ஃபேஸ்புக்கில் உங்களிடம் நூறு முறை சொல்லிவிட்டேன். இன்றைக்குச் சொல்ல வந்தது வேறு...

ரோஸ் சோப்பு வாசம் வீசும் ஒரு கை. மீன் வாடை அடிக்கும் என் கையைப் பிடித்து ஏ, பி, சி எழுத வைத்த கை.

சாந்தோம் கடற்கரையை ஒட்டியிருந்த எங்கள் பள்ளிக்கு, இங்கிலீஷ் சொல்லித்தர ஒரு வருடம் வந்திருந்த வெள்ளைக்கார டீச்சர். சின்னப் பெண்தான். நான் அப்போது அஞ்சாவது.

ஒருநாள் என்னைப் பள்ளி வாசலில் நிறுத்தி போட்டோ எடுத்தார். அம்மா மீன் கூடையோடு என் பக்கத்தில்தான் நின்றாள். கொஞ்சம் தள்ளி நிற்கும்படி டீச்சர் கையைக் காட்டினார். அம்மாவும் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றாள்.

டீச்சர் ஊருக்குத் திரும்பிப் போய் ரொம்ப நாள் கழித்து, அவர் ஊரில் அச்சடித்த ஒரு புத்தகம் கப்பலில் வந்தது. அதில் நான்! தெரு முழுக்கத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கோயில் உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தார்.

"தாய் தகப்பன் இல்லாத பிள்ளைன்னு போட்டுக்கீது..."

அம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

"நான் இன்னா செத்தா பூட்டேன்? தெனம் இதுக்கு சோறு போட்றது யாரு, பேயா?"

மறுநாளிலிருந்து அம்மா விடவில்லை, நான் பள்ளிக்குப் போகவில்லை. டீச்சர் கெட்டவர் இல்லை. படிக்கிறவர்கள் இரக்கப்பட்டு எங்களுக்கு நாலு பென்சில் அனுப்பட்டும் என்று எழுதியிருப்பார். அதை அம்மாவிடம் யார் சொல்வது?

போன மாதம் ஜெனி ஒரு போட்டோ அனுப்பினாள். சிலேட்டோடு சிரிக்கும் ஒரு குட்டிப் பெண். நான்தான் இங்கே போட்டேன், நீங்களும் லைக் போட்டீர்கள். நான் வாயால் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்ளும்; அப்படித்தான் கீழே எழுதினேன்: "அப்பா அம்மா இல்லாத இந்தப் பிள்ளைக்கு என் பேத்திதான் கதி."

அந்தக் குட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று ஜெனியை நான் கேட்கவே இல்லை. அப்படி எழுதினால் பேத்திக்கு இன்னும் பெருமை என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அந்த ஊர் வாத்தியார் ஜெனிக்கு ஃபேஸ்புக் ஃபிரண்டாம்; நான் ஜெனி பேரையும் சேர்த்துப் போட்டதால் அவருக்கும் போய்விட்டது. ஒரு பட்டனைத் தட்டினால் நம் தமிழ் அவர்கள் பாஷைக்கு மாறிவிடுமாம்...

ஜெனி போன் பண்ணினாள்.

"ஆயா, அந்தப் பொண்ணோட அம்மா காலைல கிளாஸுக்கே வந்துட்டாங்க. 'நான் செத்துட்டேனா டீச்சர்'னு கேக்குறாங்க ஆயா."

"அழிச்சுட்றேன்டி கண்ணு, இப்பவே அழிச்சுட்றேன்..."

"இன்னாத்த அழிப்ப?"

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஊரே கோபித்துக்கொண்டு, வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வருவதில்லை என்று பிரின்சி சொல்லித்தான் தெரியும்.

அன்றைக்கு அந்தப் புத்தகம் கடல் தாண்டி வர மாதக்கணக்கு ஆனது. அதுவரைக்குமாவது நான் படித்தேன். இன்றைக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை, வகுப்பே காலி. அம்மா தள்ளி நின்றதைக் கண்ணால் பார்த்தவள் நான். நானே இதைச் செய்தேன்.

ஜெனி, இதைப் படிப்பாயோ மாட்டாயோ. அந்தக் குட்டி இனி வரமாட்டாள். எனக்குத் தெரியும், நான் போகவில்லையே.

ஒருவேளை வந்தால், புதுசாக ஒரு போட்டோ எடுத்துப் போடும்மா. நான் ஒரு வார்த்தை எழுதமாட்டேன். அவள் அம்மாவை மட்டும் தள்ளி நிற்கச் சொல்லாதே.