தூக்கத்தை அளக்கப் போனேன்

"முடிவு என்ன வரும்?" என்று ஆசையாக ஆரம்பித்து, "நம் கதி என்ன ஆகும்?" என்று பயந்தபடி முடிக்கிற தொழில்தான் ஆராய்ச்சி. தீசிஸ் எழுதியே முடி கொட்டியவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

என் கேள்வி சின்னது: இரவு ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கிறதா? ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிப் பையன்கள் ஒரு குழு. ஒப்பிட்டுப் பார்க்க, ஷிப்ட் வாடையே படாத மண்ணூர் விவசாயிகள் இன்னொரு குழு. எல்லார் மணிக்கட்டிலும் தூக்கத்தை அளக்கிற பட்டை. எந்தக் குழு கலைந்தாலும் என் டாக்டர் பட்டம் போச்சு.

கும்பகர்ணன்

நைட் ஷிப்டில் இருந்த திருநெல்வேலிப் பையன் இசக்கி, இரவு பூராவும் அடித்துப்போட்டது போலத் தூங்கியதாகப் பட்டை சொன்னது. லைனில் நின்றபடியே தூங்குகிறானா, கருவி கெட்டுவிட்டதா? அவன் அறைக்கு ஓடினேன். பட்டை, பகல் ஷிப்ட் போகிற அறைத்தோழன் கையில் இருந்தது. பெயர் வெளியே வராது என்று அத்தனை தடவை சொல்லியும் இசக்கி நம்பவில்லை.

"நான் ஒறங்கலன்னு தெரிஞ்சா ஓ.டி. வேல தரமாட்டாவக்கா. அதான் நல்லா ஒறங்குத பய கையில கெட்டி விட்டேன்."

காவல்

மண்ணூர் தசரதன் படுத்தால் இடி விழுந்தாலும் எழமாட்டார் என்று அவர் மனைவியே சொன்னார். நம்பிச் சேர்த்தேன். பட்டை கட்டியதிலிருந்து மனிதர் கண்ணை மூடவே இல்லை. என்னால் ஏதும் நோய் வந்துவிட்டதோ என்று பயந்துபோய்க் கேட்டேன்.

"ஊரான் பொருளும்மா. அசந்து தூங்கினா எவனாச்சும் கழட்டிகினு பூடுவான். அதான் முழிச்சிகினே கீறேன்."

கைடின் கண்டுபிடிப்பு

இரண்டு குழுக்களின் அளவுகளையும் தண்டலத்தில் இருக்கும் என் கைடிடம் காட்டினேன். அதில் நைட் ஷிப்ட் தூங்கியது, விவசாயம் விழித்திருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, தூக்கம் வராதவங்களை நைட் ஷிப்டுக்கு அனுப்பலாம் போலிருக்கே?"

நல்ல சேதி

முதலிலிருந்து ஆரம்பித்தேன். பல்கலைக்கழகம் தந்த கடைசி அவகாசம். இன்னொரு முறை சறுக்கினால் எழுந்திருக்க முடியாது. "பட்டை தொலைந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து தூங்குங்கள்" என்று மண்ணூரில் வீடு வீடாகக் கெஞ்சினேன். எல்லாரும் தூங்கினார்கள். நானும் கொஞ்சம் மூச்சுவிட்டேன். அந்த வாரமே தசரதன் போன் செய்தார். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

"ராத்திரி பூரா நம்மளால முழிச்சிகினு இருக்க முடியும்னு உன்னாலதாம்மா தெரிஞ்சிது! ஒரகடத்துல நைட் செக்யூரிட்டியா சேந்துட்டேன். உன்னாண்ட பட்டை கட்டிகினாங்களே, அவங்க அல்லாரையும் இட்டுகினு வந்துட்டேன்!"

நைட் ஷிப்ட் தூக்கத்தைக் கெடுக்கிறதா என்பது இன்னும் தெரியவில்லை. நைட் ஷிப்ட் ஆராய்ச்சியைக் கெடுக்கிறது என்பது மட்டும் சந்தேகமில்லாமல் நிரூபணமாகிவிட்டது.