மகளுக்கு அனுப்பிய பணமும் தம்பியின் பெயரும்

மகளைப் பிரிந்து மூன்று வருடம். 1986 மாசியில் வரி அலுவலகக் கந்தோரில், வரிக் கழிவு தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இனி அவளைப் பார்க்க வழியில்லை என்று டென்மார்க்கின் எஸ்பியர்க் நகர பஸ்ஸில் அழுதுகொண்டே வீடு வந்தேன்.

மெர்சி பதினேழு வயதில் சென்னையில் கல்லூரியில் படித்தாள். நானும் கணவரும் இங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்து அவளுடைய கட்டணத்தை அனுப்பினோம். தூரத்தில் இருக்கும் பிள்ளையைப் பராமரிக்கிற காசுக்கு வரியில் கழிவு கேட்கலாம் என்று சபையில் ஒரு சகோதரர் சொன்னார். திரும்பி வருகிற வரிப் பணத்தில் இருவருமாகப் போய் அவளைப் பார்க்க நினைத்தோம். ஆசை மிஞ்சி, சென்னை வெயிலுக்குக் கம்பளிச் சட்டை பின்னினேன். கணவர் சிரித்தார்.

கலியாணமாகாத பெண்பிள்ளையின் பெயருக்கு எங்கள் ஆட்களில் யார் காசு அனுப்புவார்கள்? எல்லாம் சென்னையில் இருக்கிற என் தம்பியின் பெயருக்குத்தான் போனது. அவன்தான் கல்லூரியில் கட்டினான். வங்கிச் சீட்டுகளைப் பார்த்த அலுவலரோ, இது தம்பிக்குச் செய்த உதவி, பிள்ளைக்கு அல்ல என்றார்.

மாமன்தான் பொறுப்பாளர் என்று கல்லூரியில் கடிதம் வாங்கித் தம்பி அனுப்பினான். அதே கடிதத்தில் மெர்சிக்கு உதவித்தொகை கிடைத்ததும், பாதிக் கட்டணம் திரும்பி வந்ததும் இருந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அதைக் காட்டினால் கழிவு குறையும். உதவித்தொகையைச் சொல்லாமல் விட்டு வேறு கடிதம் எடுப்பிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கும் மனம் ஆடியது. பிள்ளையைப் பார்க்கிற ஏக்கம் அப்படி.

இருவரும் முழங்காலில் நின்று அழுதோம். எழும்பினதும் கணவர் சொன்னார்: "மறைச்சு எடுத்த காசிலை போய், அவளின்ரை முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

அந்தக் கடிதத்தையே கொடுத்தோம். கர்த்தர் கைவிடவில்லை. உதவித்தொகையைக் கழித்து மீதியை ஏற்றுக்கொண்டார்கள். வந்த பணம் ஒருவரின் பயணச் சீட்டுக்கு மட்டும்தான் காணும்.

"நீ போ. அவள் முதல்ல அம்மாவைத்தான் தேடுவாள்" என்றார் கணவர்.

அன்றிலிருந்து எந்தக் காரியத்தையும் ஒளித்து வைத்துக்கொண்டு நான் ஜெபிப்பதில்லை. பிரியமானவர்களே, நீங்களும் உள்ளதை உள்ளபடி அவரிடம் கொடுங்கள். அவர் தருவது குறைவாகத் தெரிந்தாலும் நம்புங்கள். எங்களுக்கு இன்னும் ஒரு பயணச் சீட்டு வேண்டும். அதற்காக எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

ஏனென்றால் நான் சென்னைக்குப் போனபோது, விடுதி வாசலில் மெர்சி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த வெயிலிலும் கம்பளிச் சட்டையைப் போட்டுக் காட்டினாள். பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பா எங்கை?"