சிமெண்ட் கெண்டியின் காவலாளி

புதிய நெடுஞ்சாலை வந்த பிறகு, அமீரகத்தில் ஃபுஜைராவுக்குப் போகும் பழைய மலைப்பாதையில் வண்டிகள் குறைந்துவிட்டன. ஒரு விடுமுறை நாளில் நாங்கள் அந்த வழியே போனோம். ஓரிடத்தில், இரண்டு மாடி உயரத்துக்கு சிமெண்டில் செய்த அரபிக் காப்பிக் கெண்டி ஒன்று சாலையோரம் நின்றது. வண்டியை நிறுத்தச் சொன்னாள் என் மகள்.

கெண்டியின் நிழலிலிருந்து அதன் காவலாளி எழுந்து வந்தார். வெயிலில் வெளுத்த நீலச் சட்டை, நரைத்த மீசை, பேச்சில் புதுக்கோட்டைப் பக்கம். வருகிற எல்லோரையும் அவரே படம் எடுப்பாராம். என் போனை வாங்கி, சட்டை நுனியால் லென்ஸைத் துடைத்தார்.

"பாப்பா, அந்த மூக்குக்குக் கீழ நில்லு. எல்லாரும் சிரிங்க."

எடுத்த பிறகும் போனைத் தரவில்லை. "இன்னொண்ணு சார்" என்று எடுத்துக்கொண்டே இருந்தார்.

"போதும்ணே, வெயில்ல எதுக்குச் சிரமம்?" என்றேன்.

"சிரமமெல்லாம் இல்ல சார். மத்தபடி இங்க யாரு என் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கப் போறா? படம் எடுக்கும்போதுதான் எல்லாரும் இந்தப் பக்கம் பாத்துச் சிரிக்கிறீங்க."

என் மனைவி மறுபடியும் கெண்டிக்கடியில் போய் நின்றாள். நாங்களும் நின்றோம்.

பிறகு அவரை நிற்கவைத்து நான் எடுத்தேன். "சிரிங்கண்ணே" என்றேன்.

விறைப்பாக நின்றவர், "வரமாட்டேங்குது சார்" என்றார்.

அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. அதில் அவர் என்னைப் பார்க்கவில்லை. என் பக்கத்தில் நின்று கையாட்டிச் சிரித்த என் மகளைப் பார்க்கிறார். உதடுகள் அப்போதுதான் லேசாக விரியத் தொடங்கியிருக்கின்றன.