வெள்ளைத்தாள் அக்காவின் பின்னல்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு வெள்ளைத்தாள் அக்கா என்று பெயர். வைத்த புண்ணியவான் நான்தான். ஒருவர் பல மாதங்களுக்கு முன்பு போதை மாத்திரை போட்டிருந்தாலும் அவர் தலைமுடி காட்டிக் கொடுத்துவிடும். அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. முடியைக் கழுவி, நறுக்கி, பொடியாக்கித் தருவது அக்கா. மெஷினில் வைத்துப் பார்ப்பது நான். அந்த மாத்திரை செய்கிற மகானுபாவர்கள் சரக்கை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். நாங்கள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடுவோம்.

எப்போதும் முதலில் அக்காவின் முடியைத்தான் வைப்போம். வெள்ளைத்தாள் மாதிரி, எதுவும் படாத முடி ஒன்று வேண்டும். அதை வைத்ததும் திரையில் கோடு நேராக ஓடினால்தான் மெஷின் பொய் சொல்லவில்லை என்று அர்த்தம். மற்றவர்கள் சாயம் பூசுகிறவர்கள். அக்காவுக்கோ இடுப்புவரை பின்னல், தலைவலிக்குக்கூட மாத்திரை விழுங்காத பிடிவாதம். மெஷினே நற்சான்று கொடுத்த தலை என்று சீண்டுவேன். உனக்குத்தான் அந்தக் கொடுப்பினையே இல்லையே என்று என் வழுக்கையைப் பார்ப்பார்.

வருகிற முடியில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் ஒவ்வொன்றையும் நறுக்கும்போது, பாவம், யார் பெத்த பிள்ளையோ என்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் அக்காவின் முடியில் மாத்திரை போட்டவர் முடிபோலக் கோடு செங்குத்தாக மேலே எழுந்தது. மெஷினைத் திட்டினேன். எல்லாவற்றையும் மாற்றி, புதிதாக முடி வாங்கிப் பலமுறை கழுவி, கழுவிய திரவத்தையும் தனியாக வைத்துப் பார்த்தேன். திரவத்தில்தான் போதை மருந்து இருந்தது, முடிக்குள் இல்லை. அதாவது அக்கா எதையும் சாப்பிடவில்லை. மருந்தைத் தொட்ட ஏதோ ஒரு கை அவர் தலையைத் தொட்டிருக்கிறது.

கேட்டதும் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். தோள் வலியால் அவருக்குக் கையைத் தூக்க முடியாது. காலையில் பின்னிவிடுவது அவர் தம்பி. அந்த மாத்திரைக்கு அடிமையாகி, சிகிச்சை எடுத்து, அக்காவோடு வந்து தங்கியவன். அடியோடு விட்டுவிட்டான் என்று அவர் பெருமையடிக்காத நாளில்லை.

அவன் முடியில் கொஞ்சம் தெரியாமல் எடுத்து வாருங்கள், பார்த்துவிடலாம் என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"அவன் தலையில நான் திருட மாட்டேன். என் தலையில இருந்ததை அவன்கிட்டச் சொல்றேன், அது போதும்."

மறுநாள் ஒற்றைக் கையால் முடிந்த கோணல் கொண்டையோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தம்பி தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றானாம். மறுபடி சிகிச்சைக்குப் போகிறேன், கை சுத்தமாகும்வரை உன் தலையைத் தொடமாட்டேன் என்றானாம். நான் நம்பவில்லை. இப்படிச் சொன்னவர்களின் முடியைத்தானே நாள் முழுக்கப் பார்க்கிறேன். அக்கா முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

கொண்டை மாதக்கணக்கில் நீடித்தது. சுத்தமான முடிக்கு வாட்ச்மேனைப் பிடித்தோம். மனசு கேட்காமல் ஒருநாள் நானே பின்னிவிட்டேன். அக்கா கண்ணாடியைப் பார்த்துவிட்டு, கொண்டையே தேவலை என்று சிரித்தார். அவர் சிரித்து வெகுநாளாகியிருந்தது. எனக்கு அதுவே பெரிய சந்தோஷமாக இருந்தது.

ஒரு காலையில் அக்கா பின்னலோடு வந்தார். பிசிறில்லாத, இறுக்கமான பின்னல். அவராகவே பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அதில் அக்காவின் முடி கொஞ்சம்.

"பின்னிவிட்டு அவனே கத்தரிச்சுக் கொடுத்தான். மெஷின்ல வைக்கச் சொன்னான்."

கழுவி, முடியையும் கழுவிய திரவத்தையும் வைத்தேன். அக்கா பக்கத்திலேயே வரவில்லை. தன் மேசையில் யாருடைய முடியையோ நறுக்கிக்கொண்டிருந்தார். இந்த முறை பிள்ளை யாருடையது என்று கேட்கவில்லை.

கோடு கடைசிவரை நேராக ஓடியது. இத்தனை வருஷத்தில் நேர்கோட்டைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது அன்றைக்குத்தான். மருந்து ஒன்றுமில்லை அக்கா என்றேன்.

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார்.

"வாசல்ல நிக்கிறான். நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா பாசத்துல சொல்றேன்னு நினைப்பான்."

கையுறையைக்கூடக் கழற்றாமல் படியிறங்கினேன்.